தலைப்பை மீறிய ஓநாய்

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஓநாய் ஊமையாகிவிட்டது.

வாய் திறந்தது. சிவப்புத் துணி நாக்கு தொங்கியது. கண்களாகத் தைத்திருந்த இரண்டு மஞ்சள் பித்தான்களும் வழக்கம்போல் மின்னின. ஊளை மட்டும் வரவில்லை. ஓநாயின் வயிற்றுக்குள் கையை விட்டபடி திரைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த கொய்கோ, இன்னும் மூன்று முறை அதன் வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. மண்டியிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

"டைரக்டரம்மா, நான் என் வேலையை ஒழுங்காத்தான் செய்யறேன். சத்தம் எங்க?"

"அழுத்திட்டேன் கொய்கோ. கணினித் திரையில ஊளை ஓடற மாதிரிதான் காட்டுது. காதுக்கு ஒண்ணும் வரல."

"அப்ப உள்ளுக்குள்ளயே ஊளையிடுது போல. என் தங்கச்சி புருஷனும் அப்படித்தான்."

நெவெனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிகிண்டா நகரின் கலாசார மாளிகைக் கீழ்த்தளத்தில் ஒன்பது வருடங்களாகப் பொம்மலாட்டம் நடத்துகிறவள் அவள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு 'ஓநாயின் பல்வலி' முதல் முறையாக மேடையேறுகிறது. மூன்று மழலையர் பள்ளிகளிலிருந்து நூற்றிருபது குழந்தைகள் வருகிறார்கள். நான்கு பாட்டுகள், ஒரு மழை, பல் வைத்தியம் பார்க்கும் முள்ளெலியின் துளைக்கருவிச் சத்தம், ஏழு ஊளைகள் என்று நாடகத்தின் உயிர் முழுவதும் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இருந்தது.

போதாததற்கு, நகராட்சிக் கலாசாரக் குழுவிலிருந்து திராகின்யா அம்மாளும் வருகிறார். நாடகம் அவருக்குப் பிடித்துவிட்டால் கூடம் குளிர்காலம் முழுக்கப் பொம்மைகளுக்கு. பிடிக்காவிட்டால் மேசைப்பந்துச் சங்கத்துக்கு. சங்கத்தின் தலைவர் திங்கட்கிழமையே ஒரு அளவுநாடாவோடு வந்து, யாரிடமும் பேசாமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கூடத்தின் நீள அகலத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

ஊரில் கணினி பழுது பார்ப்பவர் ஒருவர்தான். அது அக்டோபர் மாதம். அவர் குளிர்காலத்துக்கான அஜ்வார் என்ற குடைமிளகாய்த் தொக்கைக் கிண்டுவதற்காக லெஸ்கோவாட்ஸில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். எழுபது கிலோ சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டிருக்கும் மனிதனைத் தொலைபேசியில் கூப்பிடுவது, திருமண மேடையில் நிற்கும் மாப்பிள்ளையைத் தோளில் தட்டி மணி கேட்பதற்குச் சமம். யாரும் செய்ய மாட்டார்கள். செய்தாலும் அவர் எடுக்க மாட்டார்.

"மன்றத்துல கேளு. கணினி நண்பன் மன்றம். நாட்டுலயே ரொம்ப ஒழுங்கான இடம்னு சொல்றாங்க" என்றார் கொய்கோ.

ஒழுங்கான இடம்தான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு நீஷ் நகரத்துக்காரர் ஒருவர் அந்த மன்றத்தில், தன் கணினி ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்டார். மூன்றாவது பதிலில் ஒருவர், எங்கள் வீட்டு அடுப்புகூட இவ்வளவு சூடாகாது என்றார். ஐந்தாவது பதிலில் இன்னொருவர், அடுப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். மிளகாய் என்று பதில் வந்தது. ஒன்பதாவது பக்கத்தில், வடக்கே சுபோட்டிட்சாவிலிருந்து தெற்கே வ்ரான்யெ வரை நாற்பத்தொரு பேர், அஜ்வாரில் கத்தரிக்காய் சேர்க்கலாமா கூடாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிச்சயதார்த்தங்கள் முறிந்தன. புதிதாக ஒன்று நடந்தது. பதினாறாவது பக்கத்தில் நீஷ் நகரத்துக்காரர் வந்து, "கணினி எரிந்துவிட்டது" என்று எழுதினார். அதற்குள் பேச்சின் தலைப்பு மிளகாய் ஆகிவிட்டிருந்தபடியால், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று அவருடைய பதிவு நீக்கப்பட்டது.

மிளகாய்க் கலவரம் என்று மன்ற வரலாற்றில் குறிப்பிடப்படும் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு புது நிர்வாகம் பொறுப்பேற்றது. முகப்பில் ஒரு வாசகம் பொறித்தார்கள்: ஒரு கேள்வி, ஒரு தலைப்பு, ஒரு சொல்லும் மிகாமல். எந்தப் பேச்சுக்கும் ஒரு பிரிவு இருந்துவிட்டால் எந்தப் பேச்சும் தடம் மாறாது என்று முடிவு செய்து, இருநூற்றுப் பதினான்கு பிரிவுகளை உண்டாக்கினார்கள். வணக்கம் சொல்ல ஒரு பிரிவு. வளர்ப்பு விலங்குகளுக்கு ஒரு பிரிவு. மாமியாருக்கு இரண்டு, ஒரே ஊரில் இருப்பவர் தனி, வேறு ஊரில் இருப்பவர் தனி. மிளகாய்க்கு மட்டும் பிரிவு கிடையாது. அந்தச் சொல்லை எழுதினால் திரையில் ஐந்து நட்சத்திரங்கள்தான் தெரியும்.

இதெல்லாம் தெரியாத நெவெனா, ஒரு மனுஷி மனிதர்களிடம் பேசுவதுபோல் எழுதினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நல்லா இருக்கீங்களா? நான் கிகிண்டாவுல பொம்மலாட்டம் நடத்தறேன். எங்க ஓநாய் நேத்து வரைக்கும் நல்லா ஊளையிட்டுது, இன்னிக்குக் காலையிலேருந்து ஊமையா இருக்கு. கணினி நல்லா ஓடுது. சத்தம் மட்டும் வரல. சனிக்கிழமை பதினோரு மணிக்கு நூத்தி இருபது குழந்தைங்க வர்றாங்க. யாராவது உதவுங்களேன்."

நான்கு நிமிடங்களில் பதில் வந்தது என்று எண்ணித்தான் அவள் திரையைப் பார்த்தாள். வந்தது பதில் இல்லை. பதிவுகளைக் கண்காணித்து வெட்டும், 'கத்தரிக்கோல்' என்ற பெயருடைய மட்டுறுத்துநர் வந்து போயிருந்தார்.

வணக்கமும் நலம் விசாரிப்பும் மூன்றாம் பிரிவுக்குப் போயிருந்தன. அங்கே இருபத்தாறு பேர் நன்றாக இருப்பதாகவும், ஒருவர் மட்டும் முழங்கால் வலிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். முழங்காலை அதற்குள் வேறு பிரிவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சனிக்கிழமை பதினோரு மணி, 'தேதி, நேரம் அமைத்தல்' பிரிவில் கிடந்தது. நூற்றிருபது குழந்தைகள் எண்பத்தெட்டாம் பிரிவான 'இணையத்தில் குழந்தைகள் பாதுகாப்பு'க்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஓநாய் நூற்று முப்பத்தொன்றில், வளர்ப்பு விலங்குகளோடு. "கணினி நல்லா ஓடுது" என்பது வெற்றிக் கதைகள் பிரிவில் வைக்கப்பட்டு, நாற்பது பேரின் வாழ்த்துகளைப் பெற்றிருந்தது.

அவள் கேள்வி கேட்ட ஒலிப் பிரிவில் மிஞ்சியிருந்தது மூன்றே சொற்கள்: சத்தம் மட்டும் வரல.

அதன் கீழே தலைமை மட்டுறுத்துநர், 'எல்லைக்கல்' என்ற பெயரில் எழுதியிருந்தார்: "விவரம் போதாது. இருபத்து நான்கு மணி நேரத்தில் விவரம் தராவிட்டால் இந்த உரையாடல் இழை மூடப்படும்."

"விவரத்தையெல்லாம் இவங்களே வெட்டிட்டு, விவரம் இல்லைங்கறாங்களே!" என்றாள் நெவெனா.

"நகராட்சியில வேலை பார்த்தவங்களா இருக்கும்" என்றார் கொய்கோ. சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே திரையை உற்றுப் பார்த்தார். "அந்த வெற்றிக் கதையில என் வாழ்த்தையும் போடு. நாற்பத்தொண்ணு ஆகட்டும்."

நெவெனா விவரம் எழுதினாள். எழுத எழுத அது வெட்டப்பட்டது. உதவ நினைத்தவர்களும் தப்பவில்லை. "எனக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆச்சு" என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரைத் தன்வரலாறு பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் அங்கே போய்த் தன் ராணுவ நாட்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. "ஒலிபெருக்கியின் செருகியைச் சரியாகச் செருகியிருக்கிறீர்களா?" என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார். அது மின்சாரப் பிரிவுக்குப் போய்விட்டது. நெவெனா தேடிக் கண்டுபிடித்து, "செருகியிருக்கேன், விளக்கும் எரியுது" என்று பதில் எழுதினாள். அந்தப் பதிலை விளக்குகள் பிரிவுக்கு மாற்றினார்கள். கேட்டவருக்குப் பதில் கிடைக்கவேயில்லை. மரியாதை தெரியாத பெண் என்று அவர் புகார் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம், வேறு எங்கும் போகப் பிடிக்காமல், ஓநாய் என்ன ஆயிற்று என்று பார்க்க நூற்று முப்பத்தொன்றாம் பிரிவுக்குப் போனாள். அங்கே ஒருவர் காலையிலிருந்து அவளுக்காகக் காத்திருந்தார். 'கழுதை வைத்தியர்' என்று பெயர். பீரோத் பக்கத்து மலையில் நிஜமாகவே கால்நடை வைத்தியராக இருப்பவர்.

"ஓநாய்க்கு என்ன வயசும்மா?"

"ரெண்டு மாசம், டாக்டர்."

"கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?"

"ஒண்ணும் சாப்பிட்டதில்ல. அது பஞ்சு."

பத்து நிமிடம் பதிலே இல்லை. போய்விட்டார் என்று நினைத்தாள்.

"மன்னிக்கணும், ஒரு ஆட்டுக்குப் பிரசவம். பஞ்சா இருந்தா என்ன, பரவாயில்ல. என்கிட்ட வர்ற நோயாளிங்க ஒருத்தரும் வாயைத் திறந்து எங்க வலிக்குதுன்னு சொன்னதில்ல. நான்தான் சுத்தி இருக்கறவங்களைக் கேட்டுக் கண்டுபிடிக்கணும். கடைசியா எப்ப ஊளையிட்டுது?"

நெவெனா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாட்களில் யாரும் இதைக் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஒத்திகையில நல்லாவே ஊளையிட்டுது."

"அதுக்கப்புறம் அது இருக்கற இடத்துக்குப் புதுசா என்னென்ன வந்துது? ஒண்ணு விடாம சொல்லுங்க. ஆளோ, சாமானோ, எதுவானாலும் சரி."

அவள் யோசித்து எழுதினாள். கால் குளிரக் கூடாதென்று ஒரு மின்கணப்பு. சோளப்பொரி பொரிக்கும் இயந்திரம். கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய வண்ண விளக்குச் சரம். பின்திரையில் நிலா காட்டுவதற்காக நூலகத்திலிருந்து கொண்டுவந்த படவீழ்த்தி. திராகின்யா அம்மாளுக்காக மெத்தை வைத்த நாற்காலி.

"எல்லாம் மின்சாரத்துல ஓடறதா?"

"நாற்காலி தவிர."

"ஆகா! பிடிச்சிட்டேன். எங்க வீட்டு நாய்கூட இதே மாதிரிதான். இப்ப ஒரு பசு அவசரமாக் கூப்பிடுது. ராத்திரிக்கு உக்காந்து விவரமா எழுதி வெக்கறேன். கவலைப்படாம தூங்குங்க. ஒரு நிமிஷ வேலை."

நெவெனா கவலைப்படாமல் தூங்கினாள். வெள்ளிக்கிழமை காலை பல்கூடத் துலக்காமல் நூற்று முப்பத்தொன்றைத் திறந்தாள். வைத்தியரின் பதில் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது.

"இங்கே இருந்த பதில் நீக்கப்பட்டது. காரணம்: வளர்ப்பு விலங்குகள் பிரிவில் கணினி பற்றிப் பேசியது. கழுதை வைத்தியருக்கு மூன்று நாள் தடை. இப்படிக்கு, கத்தரிக்கோல்."

தடை செய்யப்பட்டவருக்குத் தனிக்கடிதம் அனுப்பவும் வழியில்லை. நெவெனா மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினாள். அதில் 'உங்கள் கோரிக்கை' என்ற கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. "ஐயோ" என்று எழுதினாள். அதை ஏற்றுக்கொண்டு, மாலை மூன்று மணிக்குக் காணொளி விசாரணை என்று தகவல் வந்தது.

சரியாக மூன்று மணிக்குத் திரையில் இரண்டு முகங்கள் தோன்றின. எல்லைக்கல் என்பவர் திஹோமிர், நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. மேசையில் ஒரே ஒரு காபிக் கோப்பை இருந்தது. கத்தரிக்கோல் என்பவள் பொசில்கா, சிரித்த முகம், ஏப்ரன் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்திருக்க வேண்டும். புகையில் தெரியவில்லை.

"விசாரணை தொடங்குது. பொசில்காம்மா, உங்களுக்குப் பின்னாடி என்ன புகை?" என்றார் திஹோமிர்.

"இந்தக் கூட்டத்தோட தலைப்புல அது இல்லைங்க, தலைவரே."

திஹோமிரின் முகம் பெருமையால் மலர்ந்தது. "பாத்தீங்களா? இதுதான் ஒழுங்கு. நான் கேட்டதே தப்பு. என் பேருக்கு ஒரு எச்சரிக்கை எழுதிக்குங்க."

"எழுதிட்டேங்க."

நெவெனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொய்கோ மூக்கை உறிஞ்சினார். "கத்தரிக்காய் போட்டிருக்காங்களா, இல்லையா?" என்று கிசுகிசுத்தார். நெவெனா அவர் காலை மிதித்தாள்.

"ஐயா, நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு நாடகம். எனக்கு ஒருத்தர் பதில் எழுதியிருக்கார். அது எங்கயோ உங்ககிட்டதான் இருக்கு. அதைக் குடுத்துடுங்க, போதும்."

"அம்மா, நீங்க கோபமா இருக்கீங்க. கோபத்துக்கு நாற்பத்தி ரெண்டாம் பிரிவு இருக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம்." திஹோமிர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "பதினோரு வருஷம். இந்த மன்றத்துல ஒரு இழைகூட தலைப்பை விட்டு ஒரு அடி நகர்ந்ததில்ல. நான் நிலம் அளந்தவன். வேலி ஒரு அடி நகர்ந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு ஓநாய்னு விட்டா, நாளைக்கு ஆடு வரும். ஆடு வந்தா வறுவல் வரும். வறுவல் வந்தா..." அவர் நிறுத்தினார். அந்தச் சொல்லை அவர் வாயாலும் உச்சரிப்பதில்லை.

"சரிங்க. இந்தப் பதினோரு வருஷத்துல எத்தனை பேருக்குக் கணினி சரியாச்சு?"

"அது வேற தலைப்பு."

"அதுக்கு எந்தப் பிரிவு?"

திஹோமிர் பொசில்காவைப் பார்த்தார். பொசில்கா புகைக்குள் தேடிவிட்டு, "அதுக்கு இன்னும் பிரிவு தொடங்கலைங்க" என்றாள்.

"ஆனா ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க" என்று திஹோமிர் உற்சாகமானார். "உதவி கேட்டு வர்ற நூறு பேர்ல தொண்ணூறு பேர் மூணு நாளைக்கு மேல கேக்கறதில்ல. அதாவது, தொண்ணூறு சதவீதப் பிரச்சினை மூணே நாள்ல முடிஞ்சிடுது! எந்த நாட்டு மன்றத்துல இருக்கு இது? மிச்சம் பத்துப் பேர்தான் பிடிவாதம். அவங்களாலதான் எங்களுக்கு வேலை."

"பொசில்காம்மா, நீங்களாவது அந்தப் பதிலைப் படிச்சீங்களா? அதுல என்ன இருந்துது?"

"ஐயையோ, நான் எதையும் படிக்கறதில்லம்மா. படிச்சா வெட்ட மனசு வராது" என்றாள் பொசில்கா, மனப்பூர்வமான வருத்தத்துடன். "ஒரு தடவை ஒரு தாத்தா எழுதினதைத் தெரியாத்தனமாப் படிச்சிட்டேன். ரெண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் வெட்டினேன்."

"ஐயா." நெவெனாவின் குரல் இறங்கியது. "நூத்தி இருபது குழந்தைங்க வர்றாங்க. இந்தக் கூடத்தை விட்டா எனக்கு வேற இடம் இல்ல. நாளைக்கு ஓநாய் ஊளையிடலைன்னா திங்கக்கிழமை இங்க மேசைப்பந்து ஆடுவாங்க."

திஹோமிர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் நில அளவைத் துறையைச் சேராத ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு காபிக் கோப்பையை அரை அங்குலம் நகர்த்தி மேசை விளிம்புக்கு நேராக வைத்தார்.

"தீர்ப்பு. பதில் சுத்தம் செய்யப்பட்டு, தலைப்புக்குப் புறம்பான சொற்கள் நீக்கப்பட்டு, ஒலிப் பிரிவுல வெளியிடப்படும். நாளைக்குக் காலை, பதினோரு மணிக்குள்ள. இந்த மன்றத்துல இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் செஞ்சதில்ல."

சனிக்கிழமை பத்து நாற்பதுக்கு நூற்றிருபது குழந்தைகளும் கூடத்துக்குள் இருந்தார்கள். சத்தத்தை வைத்துப் பார்த்தால் நானூறு பேர் என்று சொல்லலாம். முதல் வரிசையில் மெத்தை நாற்காலியில் திராகின்யா அம்மாள் குறிப்பேட்டோடு அமர்ந்திருந்தார். பின்திரையில் பெரிய மஞ்சள் நிலா மெல்ல மிதந்தது. திரைக்குப் பின்னால் நெவெனா மடிக்கணினியின் முன் உட்கார்ந்து ஒலிப் பிரிவை மறுபடி மறுபடி திறந்துகொண்டிருந்தாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. ஒரே ஒரு சொல்.

"கழற்றுங்கள்."

கீழே சிறிய எழுத்தில்: "மீதி நூற்றுப் பன்னிரண்டு சொற்களும் உரிய பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டுள்ளன. மூன்று வேலை நாட்களில் அவற்றைப் பார்வையிடலாம்."

"எதைக் கழற்றச் சொல்றான்?" என்றார் கொய்கோ, ஓநாயைக் கையில் மாட்டிக்கொண்டு.

"தெரியல."

"அப்ப எல்லாத்தையும் கழற்று!"

நெவெனா மின்கணப்பின் செருகியைப் பிடுங்கினாள். ஓடி வந்து ஊளைப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. சோளப்பொரி இயந்திரத்தைப் பிடுங்கினாள். வாசல் பக்கம் ஏமாற்றத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. வண்ண விளக்குச் சரத்தைப் பிடுங்கினாள். கூடம் மங்கியது. நாடகம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் குழந்தைகள் அமைதியானார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மேடை விளக்கு. ஒன்றுமில்லை.

கொய்கோ ஒலிபெருக்கியின் செருகியைப் பிடித்தார்.

"அதை விடுங்க! அதையும் பிடுங்கிட்டா, குரல் வந்தாலும் நமக்கு எப்படிக் கேக்கும்?"

மிஞ்சியது படவீழ்த்திதான். நெவெனா அதன் கம்பியைப் பிடித்தபடி நிலாவைப் பார்த்தாள். அதை வரைய அவளுக்கு இரண்டு வாரம் பிடித்திருந்தது. ஒவ்வொரு பள்ளமாக, ஒவ்வொரு நிழலாக.

"நிலா இல்லாம ஓநாய் எதைப் பாத்து ஊளையிடும், கொய்கோ?"

"நிலாவை வெச்சுக்கிட்டு மூணு நாளா வாயைத் திறக்கலையே. பிடுங்கும்மா!"

பிடுங்கினாள். நிலா அணைந்தது. கூடம் கும்மிருட்டானது. நெவெனா மடிக்கணினியின் வெளிச்சத்தை நோக்கித் தடுமாறி வந்து ஊளைப் பொத்தானை அழுத்தினாள்.

ஊஊஊஊ!

இரண்டு ஒலிபெருக்கிகளும் அதிர, அடிவயிற்றிலிருந்து புறப்பட்ட ஊளை. மூன்று நாள் சேர்த்து வைத்ததுபோல் நீளமாக, கரகரப்பாக, சுவரில் மோதித் திரும்பி வந்தது. குழந்தைகள் அலறினார்கள். அலறல் முடிவதற்குள் சிரிப்பு வந்தது. அப்போதுதான் நெவெனாவுக்கு எல்லாம் விளங்கியது. படவீழ்த்தியை மாட்டிய நாளிலிருந்து கணினி, படத்தோடு சேர்த்துச் சத்தத்தையும் அந்தக் கருவிக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. புது விருந்தாளி வந்ததும் வீட்டுக்காரர்களை மறந்துவிட்டு அவர் காலடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும் நாயைப்போல. அந்த விருந்தாளிக்கோ வாயே கிடையாது.

மேடை விளக்கை மறுபடி செருகினார்கள். நிலாவைச் செருகவில்லை. ஓநாய் மேடையில் நின்றது. பின்னால் வெறும் கறுப்புத் துணி.

"நிலா எங்க?" என்று இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு சிறுமி கணீரென்று கேட்டாள்.

அது நாடகத்தில் இல்லாத வசனம். திரைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த கொய்கோ மூச்சை இழுத்துப் பிடித்தார். ஓநாய் மெதுவாகத் திரும்பிக் கறுப்புத் துணியைப் பார்த்தது. பிறகு குழந்தைகளைப் பார்த்தது.

"அதைத்தான் நானும் கேக்கறேன்! நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துது! யாருடா எடுத்தது?"

நெவெனா ஊளையை அழுத்தினாள். நூற்றிருபது குழந்தைகள் சேர்ந்து ஊளையிட்டார்கள். அதற்குப் பிறகு நாடகம் எழுதி வைத்தபடி ஒரு வரிகூடப் போகவில்லை. பல் பிடுங்க வந்த முள்ளெலி, தவறிப்போய் நிலாவைப் பிடுங்கிவிட்டதாக ஓநாய் சந்தேகப்பட்டது. முள்ளெலி மறுத்தது. கரடி சாட்சி சொல்ல வந்து, தனக்குப் பசிப்பதைப் பற்றியே பேசிவிட்டுப் போனது. குழந்தைகள் எழுந்து நின்று, நிலா எங்கே இருக்கலாம் என்று ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். கிணறு, பள்ளிக்கூடத்துக் கூரை, திராகின்யா அம்மாளின் கைப்பை. திராகின்யா அம்மாள் எழுந்து நின்று, கைப்பையைத் திறந்து, கவிழ்த்து, நிலா இல்லை என்பதை நிரூபித்தார்.

முடிந்ததும் அவர் திரைக்குப் பின்னால் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குளிர்காலம் முழுக்க உங்களுக்குத்தான்" என்றார். "அந்த இருட்டு இருக்கே, அதைக் கண்டிப்பா வெச்சுக்கணும். எவ்வளவு நாள் யோசிச்சீங்க?"

"ரெண்டு நிமிஷம்" என்றார் கொய்கோ. "எனக்கு யாராவது கை குடுத்தா எழுந்திருப்பேன்."

பிற்பகல் நெவெனா மன்றத்தில் நன்றி எழுத உட்கார்ந்தாள். சுருக்கமாக எழுதத்தான் நினைத்தாள். முடியவில்லை. வைத்தியர், அவருடைய நாய், இருட்டு, சிறுமி, கைப்பை என்று ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. நான்கு நிமிடத்தில் அதை இருபத்து மூன்று துண்டாக்கி இருபத்து மூன்று பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கோபமே வரவில்லை. மூடப் போனபோது, ஒலிப் பிரிவில் புதிதாக ஒரு சாம்பல் பெட்டி முளைத்தது.

"இங்கே இருந்த பதில் நீக்கப்பட்டது. காரணம்: தலைப்பை மீறியது. உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது. எல்லைக்கல்லுக்கு இரண்டாவது எச்சரிக்கை. இப்படிக்கு, கத்தரிக்கோல்."

நெவெனா அதை இரண்டு முறை படித்தாள்.

"தலைவரையே வெட்டிட்டாங்க, கொய்கோ."

"நல்லதாப் போச்சு. கிளம்பு, பசிக்குது."

"இருங்க. என்ன எழுதினார்னு பாக்கணும்."

"இருநூத்திப் பதினாலு பிரிவு இருக்கும்மா. நாளைக்குத்தான் சாப்பிடுவோம்."

அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். வணக்கத்தில் இல்லை. கோபத்தில் இல்லை. இரண்டு மாமியார்களிடமும் இல்லை. கொய்கோ கோட்டை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினார். எண்பத்தெட்டாம் பிரிவில், இணையத்தில் குழந்தைகள் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ், கடவுச்சொல் பற்றிய இரண்டு நீண்ட அறிவிப்புகளுக்கு நடுவே அது கிடந்தது.

"குழந்தைங்க சிரிச்சாங்களா?"

நெவெனா விரல்களை விசைப்பலகையில் வைத்தாள்.

"வயிறு வலிக்கச் சிரிச்சாங்க, ஐயா. உங்க ஊர் எதுன்னு எனக்குத் தெரியாது. எவ்வளவு தூரம்னாலும் அடுத்த சனிக்கிழமை வாங்க. முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வெக்கறேன்."

அனுப்பிவிட்டு எழுந்தவள், திரையின் அடியில் இருந்த சிறிய வரியைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். எல்லாப் பக்கத்துக்கும் கீழே தானாகவே தோன்றுகிற வரிதான். இந்தப் பக்கத்தை இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்கள்: இரண்டு பேர்.